குளிப்பாட்டியும் போகாத பூனை வாடை

கேள்வி: எங்கள் ஆண் பூனைக்கு 9 வயதாகிறது, கருத்தடை செய்யப்பட்டது. சில வாரங்களாக அதன் உடலெங்கும் ஒருவித அழுகல் வாடை வீசுகிறது. குளிப்பாட்டினால் குறைகிறது, ஓரிரு நாளில் மீண்டும் வந்துவிடுகிறது. வழக்கம்போல் சாப்பிடுகிறது. ஷாம்பூவை மாற்றிப் பார்க்கலாமா?

பதில்: ஷாம்பூவை விடுங்கள், முதலில் வாயைப் பாருங்கள். பூனை நாளெல்லாம் தன் உடலை நக்கித் துப்புரவாக வைத்துக்கொள்வதால், நலமாக உள்ள பூனையின்மேல் வாடையே அநேகமாக இருக்காது. அதே பழக்கத்தால், ஈறு அழுகியோ சீழ் பிடித்தோ இருந்தால் நாற்றமுள்ள எச்சில் ரோமம் முழுவதும் பூசப்பட்டு, உடம்பே நாறுவதுபோலத் தோன்றும். குளித்த பின்னும் வாடை இத்தனை விரைவில் திரும்புவதால், எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான்.

பூனை சாந்தமாக இருக்கும்போது மேலுதட்டை மெல்ல உயர்த்தி, கடைவாய்ப் பற்களின் ஈறு விளிம்பைக் கவனியுங்கள். பல்லையொட்டிச் சிவந்த கோடு, பழுப்புக் காரை, இரத்தக் கசிவு ஆகியவை ஈறு நோயைக் காட்டும். சாப்பிடுகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம்; வலியை மறைப்பதில் பூனை கைதேர்ந்தது, மெல்லாமலே விழுங்கிச் சமாளிக்கும். பல்லின் வேர்ப்பகுதி ஈறுக்குள் மறைந்திருப்பதால், மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே எடுத்துத்தான் முழுமையாகச் சிகிச்சை அளிக்க முடியும். கெட்டுப்போன பற்களை எடுத்துவிட்டால் பட்டினி கிடக்குமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். பெரும்பாலான பூனைகள் அதன்பின் முன்பைவிட நன்றாகவே சாப்பிடுகின்றன.

மூச்சில் அழுகல் வாடைக்குப் பதிலாக அமோனியா நெடி அடித்து, பூனை அதிகமாகத் தண்ணீர் குடித்து உடல் மெலிந்து வந்தால், சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும். இந்த வயதில் அது அரிதல்ல என்பதால் இரத்தமும் சிறுநீரும் பரிசோதிப்பது நல்லது. நகப்பூச்சு நீக்கியைப் போன்ற இனிப்பு கலந்த நெடியோ நீரிழிவு முற்றியதன் அறிகுறியாக இருக்கலாம். அதோடு சோர்வும் வாந்தியும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய அவசர நிலை.

வாய் சுத்தமாக இருந்தால், மூக்கை அருகில் கொண்டுபோய் இடம் இடமாக முகர்ந்து பாருங்கள். சங்கடமான வேலைதான், ஆனால் பயன் தரும். காதுக்குள் காப்பித்தூள் போன்ற கறுத்த அழுக்கு இருந்தால் காதுப் பூச்சியாக இருக்கலாம். வாலடியில் மீன் வாடை அடித்தால் ஆசனவாயின் இருபுறமும் உள்ள சுரப்பிப் பைகளைச் சோதிக்க வேண்டும். வெளியே போய்ச் சண்டையிடும் பூனையென்றால், கடிபட்ட துளை மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். ரோமத்தைப் பிரித்துத் தடவினால் சூடான வீக்கம் கைக்குத் தட்டுப்படும். உடல் பருத்தோ மூட்டு வலியாலோ முதுகின் பின்பகுதியை நக்க முடியாத பூனைக்கு அங்கே ரோமம் பிசுபிசுத்துச் சடையாகும்.

வாடையை மறைக்க நறுமண எண்ணெய்களைத் தடவாதீர்கள். பல வேதிப்பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. தேயிலை மர எண்ணெய் போன்றவை ரோமத்திலிருந்து நாக்கு வழியாக உள்ளே போய் நஞ்சாகும். மனிதர்களின் பற்பசையும் கூடாது. மருத்துவரிடம் போகும்வரை குளிப்பாட்டாமல் இருங்கள். வாடையும் கசிவும் அப்படியே இருந்தால்தான் அவை எங்கிருந்து வருகின்றன என்பதை அவர் கண்டறிய முடியும்.