மூன்று மணி ரீடிங்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நொய்யலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சாயத் தண்ணீர், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது எல்லாம் வருகிறது. பிறகு ‘இப்போது இயந்திரங்கள் தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் எவாப்ரேட்டர் ஆபரேட்டர். “ஏஞ்சாமி, ராத்திரி முச்சூடும் அங்க என்னதான் பண்ணுவே?” என்று அம்மா கேட்கிறார். மீட்டர் பார்த்து எழுதுவேன் என்கிறேன். எனக்கே அது ஒரு வேலையாகத் தெரியவில்லை. இதில் எழுத ஏதாவது இருக்கிறதா?

செ., ஊத்துக்குளி

தம்பி செ.,

அந்த வரி என் தப்புதான். அதுவும் எழுத வருவதற்கு முன் இரண்டு வருஷம் அதே மாதிரி எவாப்ரேட்டரில் நின்றவன் எழுதியது.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அடர்ந்த நிறத்துக்குச் சாயத் தண்ணீரில் லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேலே உப்புப் போடுவார்கள். துணியில் சாயம் ஏறும், உப்பு ஏறாது. ஆர்.ஓ.வில் நல்ல தண்ணீர் பிரிந்தபின் மிஞ்சும் கரிப்புத் தண்ணீர்தான் உங்களிடம் வருகிறது. எவாப்ரேட்டரில் அதைக் கலம் கலமாகக் காய்ச்சி வற்றவைக்கிறோம். முதல் கலத்தின் ஆவி இரண்டாவதைச் சூடாக்கும், அதன் ஆவி மூன்றாவதை. கலத்துக்குக் கலம் அழுத்தம் குறைவதால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். இந்த ஏற்பாடு முதலில் கரும்புச் சாறு காய்ச்ச வந்தது. 1840களில் லூசியானாவில் நார்பர்ட் ரில்லியு செய்தது. ஆகவே அம்மாவிடம் கவுந்தப்பாடிப் பக்கத்துச் சர்க்கரைக் கொப்பரையைச் சொல்லுங்கள். மூடி போட்ட கொப்பரை, அவ்வளவுதான். அங்கேயும் பதம் பார்க்கிறவர் சும்மா நிற்கிற மாதிரிதான் இருக்கும்.

எழுத ஏதாவது இருக்கிறதா என்கிறீர்கள். எனக்கு ஒரு ராத்திரி இருக்கிறது.

மார்கழி, சி ஷிப்ட். மூன்று மணி ரீடிங்கை இரண்டேகாலுக்கே எழுதி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வேக்குவம், பம்ப் ஆம்ப்ஸ், லெவல் எல்லாம் இரண்டு மணிக்கு இருந்ததையே கொஞ்சம் மாற்றிப் போட்டேன். (இதைச் செய்யாத ஆபரேட்டர் இருந்தால் கை தூக்கட்டும்.) அப்புறம் தூங்கிவிட்டேன். சாயத்துக்குப் போடும் கிளாபர் உப்பின் (சோடியம் சல்பேட்) குணம் உங்களுக்குத் தெரியும். 32 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க, தண்ணீரில் கரையும் அளவு மளமளவென்று குறையும். பட்டறைக்குத் திருப்பித் தரும் உப்பை நாம் குளிரவைத்துப் பிரிப்பதே அதை வைத்துத்தான். அந்தக் குணத்தைப் பைப் அன்றைக்கு மார்கழிக் குளிரில் தானே காட்டிவிட்டது. நான் முழித்தபோது பம்ப் கூழாங்கல்லை உருட்டுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. லைன் முழுக்க உப்பு.

காலையில் வந்த மூத்த ஆபரேட்டர் பேனல் பக்கமே போகவில்லை. புறங்கையால் பைப்பைத் தொட்டுக்கொண்டே நடந்தார். பைப் வளையும் ஒரு இடத்தில் நின்றார். லாக் புத்தகத்தைப் புரட்டி, “மூணு மணிக்கு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சாட்ட இருக்குது” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. மத்தியானம் வரைக்கும் இரண்டு பேரும் ஸ்டீம் ஹோஸ் பிடித்தோம்.

அதற்கப்புறம் நானும் புறங்கையால் தொட்டுப் பார்க்கப் பழகினேன். அந்தச் சூட்டை எழுத லாக் ஷீட்டில் கட்டம் கிடையாது. நீங்கள் அம்மாவிடம் சொல்ல முடியாமல் நிற்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பனி ஆரம்பித்துவிட்டது. உங்கள் பிளான்ட்டில் அந்த லைனுக்கு ஸ்டீம் டிரேசிங் (பைப் ஆறாமல் இருக்கக் கூடவே ஓடும் நீராவிக் குழாய்) இருக்கிறதா? எங்களுக்கு அப்போது இல்லை, கோணிச்சாக்குதான் சுற்றிவைத்திருந்தோம்.