அம்மா விசுவமடுவில், நீங்கள் ஸ்காபரோவில்

தம்பி, நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்கிறேன். கனடா வந்து ஒரு வருடம் ஆகவில்லை. அகதிக் கோரிக்கை விசாரணைக்குக் காத்திருக்கிறது. விசுவமடுவில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் தடுமாறுகிறது. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அடுத்த கிளினிக்குக்கு ஆறு கிழமை இருக்கிறது, ஸ்கானுக்குத் திகதி கிடைக்கவில்லை, பிசியோ கிழமைக்கு ஒரு நாள்தான். தங்கச்சி தனியாகப் பார்க்கிறா. "வட்டிக்கு எடுத்தாவது கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் போடவா, இல்லாவிட்டால் நானே போகவா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போக வேண்டாம். எந்த நாட்டில் உயிருக்கு ஆபத்து என்று எழுதிக் கொடுத்தீர்களோ அந்த நாட்டுக்கே விமானம் ஏறினால் வழக்கு அநேகமாக அத்தோடு சரி. கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகும் கவனம் வேண்டும். அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம் இலங்கைக்குச் செல்லாது. இலங்கைப் பாஸ்போட்டைப் புதுப்பித்து ஊருக்குப் போய்வந்தால், உங்கள் பாதுகாப்பு நிலையை நீக்கச் சொல்லி அரசாங்கம் விண்ணப்பிக்கலாம். 2012 இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அதோடு நிரந்தர வதிவிடமும் போகலாம். குடியுரிமை எடுக்கும்வரை இதுதான் நிலை. "இன்னார் போய்வந்தவர், ஒன்றும் நடக்கவில்லை" என்று வேலையிடத்தில் சொல்வார்கள். சொல்லட்டும், நீங்கள் உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள். அம்மாவை சுப்பர் விசாவில், அதாவது பெற்றோரை நீண்ட காலம் வந்து தங்க விடும் விசாவில், கூப்பிடும் கதையும் இப்போது உங்களுக்கு இல்லை, அதற்கு நிரந்தர வதிவிடமாவது வேண்டும். இங்கே வந்தால் எல்லாம் உடனே நடக்கும் என்றும் எண்ண வேண்டாம். நான் பி.எஸ்.டபிள்யூ (பராமரிப்பு உதவியாளர்) வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எம்.ஆர்.ஐ.க்கு மாதக்கணக்கில் காத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

கொழும்பும் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஆபத்தான நாட்கள் கடந்ததால்தான் துண்டு வெட்டியிருக்கிறார்கள். இனி அம்மாவுக்கு வேண்டியது ஏசி அறை இல்லை, ஒரு நாளைக்குப் பல தடவை அந்தக் கையையும் காலையும் வேலை வாங்கக்கூடிய ஒரு ஆள். பாரிசவாதத்தில் மீட்சி கூடுதலாக நடப்பது முதல் மூன்று மாதங்களில். அதில் ஆறு கிழமையை "கிளினிக் வரட்டும்" என்று கட்டிலில் போக்கினால் அந்தக் காலம் திரும்பி வராது. வட்டிக்கு எடுக்கிற காசு தனியார் ஆஸ்பத்திரியில் சில நாட்களில் கரைந்துவிடும். அதே காசில் அயலிலுள்ள ஒரு பொம்பிளைக்குச் சம்பளம் கொடுத்துக் காலையும் மாலையும் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். எங்கள் அப்பாவுக்கு இது வந்தபோது பிள்ளைகள் நாங்கள் ஆளுக்கொரு நாட்டில். அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி விட்டது எங்கள் காசில்லை, பக்கத்து வளவு அக்காதான். அவவுக்குச் சம்பளம் போனது எங்கள் காசில், அவ்வளவுதான்.

அந்த ஆளுக்கும் தங்கச்சிக்கும் முதலில் சொல்ல வேண்டியது தோளைப் பற்றி. எங்கள் ஆட்கள் நோயாளியை எழுப்புவதென்றால் விழுந்த கையைப் பிடித்து இழுப்பார்கள், அல்லது அக்குளுக்குள் கைவிட்டுத் தூக்குவார்கள். இரண்டும் கூடாது. பிடிப்பில்லாத தோள் மூட்டு அந்த இழுவையில் இறங்கிவிடும், பிறகு கை திரும்பினாலும் நோ விடாது. இங்கே நாங்கள் இடுப்புப் பட்டி கட்டித்தான் எழுப்புவோம். ஊரில் ஒரு பழைய சாரத்தை நீளமாக மடித்து அம்மாவின் இடுப்பில் இறுக்கிக் கட்டினால் அதே வேலையைச் செய்யும். கதிரையை நல்ல பக்கத்தில், அதாவது அவவின் இடப்பக்கத்தில், கட்டிலோடு ஒட்டிச் சாய்வாக வைக்க வேண்டும். காலிரண்டும் நிலத்தில் பதிந்த பிறகு, முன்னால் குனியச் சொல்லி, சாரத்தைப் பிடித்து எழுப்ப வேண்டும். இருக்கும்போது விழுந்த கைக்குக் கீழே ஒரு தலையணை. படுத்திருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை புரட்ட வேண்டும், புண் வந்தால் ஆற நாளெடுக்கும். பிசியோ வருகிற நாளில் அவரிடம் கேட்டுவிட்டு, அவர் காட்டும் பயிற்சியைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மற்ற ஆறு நாளும் அதுதான் பாடம்.

சாப்பாடும் அப்படித்தான். படுக்க வைத்துக் கஞ்சி பருக்கக்கூடாது. தண்ணிப்பதமானதுதான் மூச்சுக்குழாய்க்குள் இலகுவாகப் போகும், அதில்தான் நெஞ்சுச்சளிக் காய்ச்சல் பிடிக்கும். நிமிர்த்தி இருத்தி, நாடியைக் கொஞ்சம் தாழ்த்தி, சிறிய கரண்டியால் ஆறுதலாகக் கொடுத்து, பிறகும் அரை மணித்தியாலம் இருத்தி வைக்க வேண்டும். குடிக்கும்போது இருமல் வந்தால், அடுத்த கிளினிக்வரை பொறுக்காமல் காட்ட வேண்டும்.

வீடு எந்த வீட்டுத் திட்டத்தில் கட்டியதோ தெரியாது, ஆனால் மலசலகூடம் வளவின் பின்பக்கம், குந்தும் பீடமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இரவில் அங்கே நடத்திக்கொண்டு போவதில்தான் கனபேர் விழுகிறார்கள். முதல் அனுப்புகிற காசில் ஒரு கொமட் கதிரை. பிளாஸ்டிக் கதிரையில் ஓட்டை வெட்டி வாளி வைக்கும் வேலை வேண்டாம், அது சறுக்கும்.

இனி கடதாசிகள். தங்கச்சியிடம் துண்டையும் கிளினிக் கொப்பியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூளையில் இரத்தக் கட்டி அடைத்ததா, இரத்தம் கசிந்ததா என்பது அதில் இருக்கும். அது தெரியாமல் இங்கிருந்து அஸ்பிரின் கொடு, விற்றமின் கொடு என்று சொல்லாதீர்கள், கசிவென்றால் அஸ்பிரின் ஆபத்து. கிளினிக்குக்குப் போய்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஸ்கான் எதற்கு? கழுத்து இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா, இதயம் சரியா என்று பார்ப்பதென்றால், இரண்டாம் முறை வராமல் தடுக்க உதவும். அதற்காக வெளியில் காசு கட்டலாம், யாழ்ப்பாணத்தில் ஒரு நிபுணரை ஒருதரம் சனல் பண்ணுவதும் (காசு கட்டித் தனியாகக் காட்டுவதும்) பிழையில்லை. வந்த பாதிப்பையே மறுபடி படம் பிடிப்பதென்றால், அவசரம் உண்டா என்று வைத்தியரே சொல்லட்டும்.

எம்.ஆர்.ஐ. என்று சொன்னால் ஒன்று முக்கியம். 2009 இல், கடைசி யுத்தத்தில், அந்தப் பக்கம் இருந்தவர்களில் உடம்பில் செல் (எறிகணை) துண்டோடு வாழ்கிறவர்கள் ஏராளம். காயம் ஆறிவிட்டதால் அம்மாவே அதை மறந்திருக்கலாம், இப்போது சொல்லவும் முடியாது. அந்த இயந்திரம் பெரிய காந்தம், இரும்புத் துண்டை அசைக்கவோ சூடாக்கவோ கூடும். இருப்பது தெரிந்தால், அல்லது சந்தேகம் என்றாலும், திகதி எடுக்கும்போதே சொல்ல வேண்டும். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். சொல்லாமல் போனால், காத்திருந்து கிடைத்த திகதியில் வாசலோடு திருப்பி அனுப்பிவிடவும் கூடும்.

மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் நெதர்லாந்து உதவியோடு கட்டிய புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. விசுவமடுவிலிருந்து பரந்தன் வந்து ஏ9 இல் தெற்கே இறங்க வேண்டும். கொழும்பை யோசிக்கிற நேரத்தில், அங்கே அனுப்பக் கடிதம் தர முடியுமா என்று வார்டில் பார்த்த வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள். பிரஷர் பார்க்கத் தர்மபுரம் ஆஸ்பத்திரி போதும், அதைக் கிளினிக் நாள்வரை தள்ள வேண்டாம். சில குளிசை அரசாங்க மருந்தகத்தில் முடிந்து, வெளியில் வாங்க எழுதிக் கொடுப்பார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு இது புதினமில்லை. அதற்கென்று ஒரு சிறு தொகை தங்கச்சியின் கையில் எப்போதும் இருக்கட்டும், ஒவ்வொரு முறையும் உங்களிடம் கேட்க வைக்காதீர்கள். எண்ணெய் பூசச் சொல்லி, புறா இரத்தம் பூசச் சொல்லி ஆட்கள் வருவார்கள். எண்ணெயை மெதுவாகப் பூசினால் பரவாயில்லை, புறாவைப் பறக்க விடச் சொல்லுங்கள். எது செய்தாலும் பிரஷர்க் குளிசை நிற்கக்கூடாது.

வாய் கோணினாலோ, மற்றப் பக்கமும் சோர்ந்தாலோ உடனே 1990 என்ற நம்பருக்கு எடுக்க வேண்டும். அந்த அம்புலன்ஸ் 2018 இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசில்லை. இரத்தக் கட்டி கரைக்கும் ஊசி போடக்கூடிய ஆளென்றாலும் நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். "விடியட்டும்" என்ற பேச்சே இருக்கக்கூடாது.

கடைசியாக உங்கள் போன். வலப்பக்கம் விழுந்தவர்களுக்குப் பேச்சும் அடிபடுவது கனக்க நடக்கும், பாதிப்பு மூளையின் இடப்பக்கத்தில். "என்ன சாப்பிட்டனீங்கள், ஆர் வந்தவை" என்று கேட்டால் சொல் வராமல் அழுவா. ஓம், இல்லை என்று தலையாட்டக்கூடியதாகக் கேளுங்கள். பேச்சு வராதவர்களுக்குச் சிலவேளை பழகிய தேவாரம் வரும், ஒன்று இரண்டு எண்ண வரும், நீங்கள் தொடங்கி விடுங்கள். தங்கச்சியிடம் கணக்கும் விளக்கமும் கேட்கிறதை விட்டுவிட்டு, அவ ஒரு பகலாவது நித்திரை கொள்ள என்ன செய்யலாம் என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து உத்தரவு போடுகிற ஆட்களால் ஊரில் பார்க்கிற பிள்ளை நொந்து போவதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். முடிவு அவவுடையது, காசு உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோடை நேரத்தில் இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே காலை ஆறு, வெயில் ஏற முன்னம் பயிற்சி செய்கிற நேரம். வேலை முடிந்து வந்து அப்போது எடுங்கள். நவம்பரில் இங்கே மணி மாறினால் ஏழரைக்கு எடுக்க வேண்டும்.