மலையாள ஒழிமுறியும் நம்பி இட்ட கையெழுத்தும்

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் 67 வயது விதவை நான். அப்பா விட்டுச்சென்ற தென்னந்தோப்பில் எனக்கும் தம்பிக்கும் சமபங்கு. கணவர் இறந்தபின் என் வரவு செலவு முழுவதையும் தம்பியே பார்த்துவந்தான். சென்ற ஆண்டு, கடன் வாங்க என் ஒப்புதல் வேண்டும் என்று சொல்லி, மலையாளத்தில் எழுதிய ஆதாரத்தில் (பத்திரத்தில்) கையெழுத்துக் கேட்டான். எனக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். தயங்கியபோது, தூக்குப் போட்டுக்கொள்வேன் என்றான். இப்போது வரி கட்ட வில்லேஜ் ஆபீசுக்குப் போனால், போக்குவரவு (வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றம்) முடிந்து தோப்பு முழுவதும் அவன் பெயருக்கு மாறிவிட்டது என்கிறார்கள். நான் எழுதிக்கொடுத்தது ஒழிமுறியாம், அதாவது என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாம். மீட்க வழி உண்டா?

பதில்: வழி உண்டு, அம்மா. தூக்குப் போட்டுக்கொள்வேன் என்றதை ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 1917இல் அம்மிராஜு – சேஷம்மா வழக்கில், ஒருவர் தற்கொலை மிரட்டல் விடுத்துத் தம் மனைவியையும் மகனையும் தம் சகோதரருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கச் செய்ததை, சென்னை உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் வற்புறுத்தல் என்றே கொண்டது. எனினும் வீட்டுக்குள் சொன்ன சொல்லுக்குச் சாட்சி கிடைப்பது அரிது. வழக்கை அதன்மேல் மட்டும் நிறுத்த வேண்டாம்.

உங்களுக்குப் பெரும் பலம், தம்பி சொன்ன பொய்தான். அதைத் தவறான தகவல் என்று மட்டும் சொன்னால், சாதாரணக் கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்குமே என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவைக் காட்டி எதிர்த்தரப்பு வாதிட இடம் உண்டு. தெரிந்தே சொன்ன பொய் 17ஆம் பிரிவின்படி மோசடி; அதற்கு அந்த வாதம் பொருந்தாது. மேலும், பத்திரத்தின் உள்ளடக்கத்தைப் பற்றி ஏமாற்றினால் அது ரத்துசெய்யத் தக்கது என்றும், அது என்ன வகைப் பத்திரம் என்பதிலேயே ஏமாற்றினால் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்றும் உச்ச நீதிமன்றம் 1968இல் நிங்கவ்வா வழக்கில் பிரித்துக் காட்டியது. கடன் ஒப்புதல் என்று நம்பி ஒழிமுறியில் கையெழுத்திட்ட உங்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்.

தகாத செல்வாக்கையும் சேர்த்துக் கேளுங்கள். உடன்பிறப்பு என்பது மட்டும் போதாது. உங்கள் முடிவுகளை ஆளும் நிலையில் தம்பி இருந்தார் என்பதை நீங்கள் மெய்ப்பித்து, பத்திரமும் பார்த்த அளவில் நியாயமற்றதாக இருந்தால், தம் செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவும் பொறுப்பு 16ஆம் பிரிவின்படி அவருடையதாகிறது.

பிராதில் (நீதிமன்றத்தில் கொடுக்கும் வழக்கு மனுவில்) ‘ஏமாற்றிவிட்டார்’ என்று பொதுவாக எழுதினால் நிற்காது. யார், எந்த நாளில், என்ன சொன்னார் என்று விவரமாக எழுதவேண்டும். ரத்துக் கோரும் வழக்கை உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் போடவேண்டும் என்றாலும், அத்தனை நாள் காத்திராதீர்கள். விவரம் அறியாத ஒருவர் விலைகொடுத்துத் தோப்பை வாங்கிவிட்டால் சிக்கல் பெருகும். தம்பி பணம் கொடுத்தால் வாங்காதீர்கள். பத்திரத்தை ஏற்றுக்கொண்டதாக அதைக் காட்டுவார்கள்.

முதலில் சப் ரிஜிஸ்தர் ஆபீசில் சான்றிட்ட நகல் வாங்கி, ஆதாரம் எழுதியவர் அல்லாத, மலையாளம் அறிந்த ஒருவரை வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். சாட்சிகளின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு, சித்தூர் தாலூகா சட்டப்பணிக் குழுவில் மனுக் கொடுக்கலாம்.