கோழி முட்டையும் வல்லூறு முட்டையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிடிடி பூச்சிமருந்தால் நாற்பதுகளிலிருந்தே வேட்டைப் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்தது என்று எழுதியிருந்தீர்கள். நான் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவன். ஓடு மெலிந்தால் தீவனத்தில் கிளிஞ்சல் கூட்டுவோம். வெயில் ஏறினாலும் கோழிக்கு வயதானாலும் ஓடு மெலியும். கோழிக்கு டிடிடி கொடுத்துப் பார்த்தும் ஓடு மெலியவில்லை என்று படித்தேன். அப்புறம், அறுபதுகளில் ஆராய்ந்தவருக்கு நாற்பதுகளின் முட்டை எங்கே கிடைத்தது? இது ஊகம்தானே?

எம்., நாமக்கல்

அன்புள்ள எம்.,

ஊகம் இல்லை. அந்தப் பழைய முட்டைகள் மரப்பெட்டிகளில் பத்திரமாக இருந்தன.

பிரிட்டனில் 1960-இல் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் அரசிடம் ஒரு முறையீடு வைத்தார்கள். பொரி வல்லூறு பெருகிவிட்டது, புறாக்களை அடிக்கிறது, அதற்குள்ள சட்டப் பாதுகாப்பை நீக்குங்கள் என்றார்கள். சரி, எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கும் வேலை டெரெக் ராட்கிளிஃப் என்ற இயற்கையியலாளரிடம் வந்தது. எண்ணிப் பார்த்தால் கதையே வேறு. 1963 வாக்கில், இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்ததில் பாதிகூட மிஞ்சவில்லை. பாறை இடுக்குக் கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடப்பதை அவர் பல வருடங்களாகவே பார்த்து வந்தவர். தாய்ப்பறவையே தன் முட்டையைத் தின்றதையும் பார்த்திருக்கிறார்.

இனி உங்கள் கேள்வி. அந்த நாட்டில் பறவை முட்டை சேகரிப்பது தலைமுறை தலைமுறையாக ஒரு பித்தாகவே இருந்தது. ஓட்டில் சின்னத் துளை போட்டு, கருவை ஊதி வெளியேற்றிவிட்டு, எடுத்த தேதியையும் இடத்தையும் குறித்து வைப்பார்கள். கூட்டைக் கொள்ளையடிக்கும் அந்தப் பழக்கத்தை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனால் அந்தத் தேதிகள்தான் ராட்கிளிஃபுக்குக் கை கொடுத்தன. முட்டையை உடைக்காமல் ஓட்டின் கனத்தை அளக்க முடியாதே? அதனால் வெற்று ஓட்டை எடைபோட்டு, அந்த எடையை நீளமும் அகலமும் பெருக்கிய தொகையால் வகுத்தார். பெரிய முட்டை, சிறிய முட்டை என்ற பேதம் இதில் அடிபட்டுப் போகும். ஆண்டுவாரியாகப் பார்த்தபோது, பல பத்தாண்டுகளாக ஏறாமல் இறங்காமல் இருந்த அளவு 1947-ஐ ஒட்டிச் சட்டென்று விழுந்திருந்தது. பொரி வல்லூறின் ஓடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடை குறைந்திருந்தது. டிடிடி பிரிட்டனில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததும் அந்தச் சமயத்தில்தான். 1967-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் இதை வெளியிட்டார். மறு வருடமே ஹிக்கி, ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்க அருங்காட்சியக முட்டைகளிலும் இதே சரிவைக் கண்டார்கள். வெயிலோ தாயின் வயதோ காரணமென்றால், இரண்டு கண்டங்களில் ஒரே காலத்தில் விழுந்து, விழுந்த இடத்திலேயே நின்றிருக்காது.

கோழியைப் பற்றி நீங்கள் படித்தது சரிதான். கோழி, காடை இனங்கள் இதில் அசைவதில்லை. டிடிடி உடம்புக்குள் போய் டிடிஇ ஆக மாறுகிறது. அது இரத்தத்திலிருக்கும் கால்சியம் ஓடு உருவாகும் சுரப்பிக்குப் போய்ச் சேர்வதைக் கெடுக்கிறது. தீவனத்தில் எவ்வளவு கிளிஞ்சல் போட்டாலும் இதற்குப் பயனில்லை. வேட்டைப் பறவைகளின் உடம்பு இதில் மிகவும் நொய்ந்தது. போதாததற்கு, அவை தின்னும் ஒவ்வொரு புறாவின் கொழுப்பிலிருக்கும் நஞ்சும் அவற்றின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகிறது. 1970-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பட்டக்ஸென்ட் ஆய்வு மையத்தில், கூண்டில் வளர்ந்த கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறுகளுக்கு டிடிஇ கலந்த இரை கொடுத்துப் பார்த்தார்கள். ஓடு மெலிந்தது.

ஒரு விஷயத்தில் உங்கள் சந்தேகத்துக்கு இடம் உண்டு. ஓடு மெலிந்தது 1947-இல், பிரிட்டனில் பறவைகள் மளமளவென்று குறைந்தது ஐம்பதுகளின் பிற்பாதியில். நடுவில் விதைநேர்த்திக்கு ஆல்ட்ரின், டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்துகள் வந்தன. அந்த விதையைப் பொறுக்கிய புறாக்களைத் தின்று, முழுதாக வளர்ந்த வல்லூறுகளே செத்தன. அங்கே பெரிய அடி இதுதான் என்பது என் எண்ணம். பழி முழுவதையும் டிடிடி மேல் போடுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நுண்தராசும் வெர்னியர் அளவுகோலும் கிடைத்தால் மே மாதத்து ஓடுகளையும் டிசம்பர் ஓடுகளையும் நன்றாகக் காயவைத்து, ராட்கிளிஃப் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எடை மில்லிகிராமில், நீள அகலம் மில்லிமீட்டரில். உடைப்பதற்கு முன்பே நீள அகலத்தை எடுத்துவிடுங்கள். கிடைத்ததை எனக்கு அனுப்பினால் இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்