ஆடும் அரிய செடியும்

கேள்வி: ஆடு போன இடத்தில் பச்சை மிஞ்சாது என்பார்கள். அரிய செடிகள் உள்ள ஒரு தென்னாபிரிக்கப் பாலைநிலத்தை ஆட்டுக்காரர்களிடமே விட்டிருக்கிறார்களாமே, இது சரியா?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: ரிக்டர்ஸ்வெல்டைச் சொல்கிறீர்கள். 160,000 ஹெக்டேயர், நாமா என்னும் மேய்ப்பர் மக்களின் பொது நிலம். 2007இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. செடிக்காக மட்டுமல்ல, அந்த மேய்ச்சல் வாழ்க்கைக்காகவும்தான்.

ஆடு ஓரிடத்திலேயே நின்றால்தான் நாசம். நாமாக்கள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவார்கள். மேய்ந்த தரை ஆறிவிடும். உங்கள் ஊரில் விதைப்புக் காலத்தில் பட்டியைக் காட்டுப் பக்கம் ஓட்டுவதில்லையா? சின்ன வயதில் மாமாவின் பட்டிக்குப் பின்னால் நானும் நடந்திருக்கிறேன். (தயிருக்கு ஆசைப்பட்டுத்தான்!)

அவர்களுடைய வீடும் கூடவே போகும். வளைத்த கம்புகள், மேலே கோரைப் பாய்கள். மழையில் கோரை ஊதி ஒழுக்கை அடைக்கும். வெயிலில் சுருங்கிக் காற்றை விடும். நம் ஓலைக் குடிலுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

அங்கே ‘அரை மனிதன்’ என்றொரு மரம் உண்டு. தலை எப்போதும் வடக்கே சாய்ந்திருக்கும். பிறந்த மண்ணைத் திரும்பிப் பார்க்கும் மூதாதையர் என்பது நாமாக்களின் கதை.

அப்புறம், இன்று செடிகளுக்குப் பெரிய எமன் ஆடல்ல. கூழாங்கல் போலிருக்கும் குட்டிச் செடிகளைக் களவாகப் பிடுங்கி, இணையம் வழியே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்கிறார்கள். இணையத்தில் அப்படியொன்று கண்ணில் பட்டால், அழகாயிருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.