கேள்வி – பதில்: இரவு எட்டு மணிக்கு எத்தனை மெகாவாட்?

கோடை மின்தேவை, புதிய மின் நிலையங்கள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு எங்கள் மின் பொறியாளர் குழு பதில் அளிக்கிறது.

2024 மார்ச்சில் வடசென்னையில் 800 மெகாவாட் அனல் மின் நிலையம் திறந்தார்கள். அப்படியும் கோடை வந்தால் வெளியிலிருந்து மின்சாரம் வாங்குகிறோமே, ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

திறந்த இரண்டாவது மாதமே, அதாவது 2024 மே 2 அன்று, தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஏப்ரலில் பதிவான உச்சம் 19,387. ஓராண்டில் தேவை ஏறியது மட்டுமே 1,443 மெகாவாட். நீங்கள் சொன்ன நிலையமான வடசென்னை மூன்றாம் கட்டத்தின் 800 அந்த ஏற்றத்தில் சுமார் பாதியைத்தான் அடைக்கும், அதுவும் நிலையம் முழு மூச்சில் ஓடினால்.

2024 கோடையில் மாநிலத்துக்குச் சொந்தமாக இருந்த அனல் நிலையங்களைக் கூட்டிப் பாருங்கள். தூத்துக்குடி 1,050, மேட்டூர் 1,440, வடசென்னையின் பழைய இரண்டு கட்டங்கள் 1,830, புதியது 800. ஆக மொத்தம் 5,120 மெகாவாட். மீதித் தேவையை நீர், காற்று, சூரிய மின்சாரம், மத்திய தொகுப்பு (மத்திய அரசு நிலையங்களில் நமக்குள்ள பங்கு), நீண்டகால ஒப்பந்தங்கள், மின் சந்தை ஆகியவைதான் சுமந்தன.

பெயர்ப்பலகையில் 800 என்று இருந்தாலும் கம்பியில் 800 வராது. நிலக்கரி அரைக்கும் மில், ஊதும் விசிறி, தண்ணீர் ஏற்றும் பம்பு எல்லாம் அதே மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. அதற்கு 6 முதல் 7 சதவீதம் போய்விடும், வெளியே வருவது 750 அளவில். டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் கடல்நீரால் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கலம்தான் கண்டன்சர். கோடையில் கடல்நீரும் சூடேறுவதால் அதில் வெற்றிடம் குறையும். அதே நீராவிக்கு டர்பைன் தரும் மின்சாரம் சற்று இறங்கும்.

அடுத்தது நிலக்கரி. 800 மெகாவாட் அலகு முழு அளவில் ஓடினால், நிலக்கரியின் தரத்தைப் பொறுத்து, ஒரு நாளைக்கு 10,000 முதல் 12,000 டன் வேண்டும். ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டுவது ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் வந்து, கன்வேயரில் நிலையத்துக்குப் போகிறது. அறுபதாயிரம் டன் கப்பல் ஒன்று ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது. சங்கிலியில் எந்தக் கண்ணி தாமதித்தாலும் முதலில் அலகின் சுமையைக் குறைப்பார்கள், பிறகு நிறுத்துவார்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் அலகு நின்றால், பெரும்பாலும் காரணம் பாய்லர் டியூப் கசிவுதான். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் 35 – 40 சதவீதம் வரை இருக்கும். அது புகையோடு பறந்து குழாய்ச் சுவரை அரித்துக்கொண்டே போகும், முக்கியமாக எக்கனாமைசர் (வெளியேறும் புகையின் சூட்டில் பாய்லர் நீரைச் சூடேற்றும் குழாய்கள்) பகுதியில். இழந்த நீருக்கு ஈடாகப் பாய்லருக்கு ஊற்றும் ஈடுநீர் வழக்கத்தைவிடக் கூடுவதும், உலைக்குள் சீறல் சத்தம் கேட்பதும் முதல் அடையாளம். அலகை நிறுத்தி, ஆறவிட்டு, உள்ளே சாரம் கட்டி, ஓட்டை விழுந்த துண்டை வெட்டி வேறு துண்டு பற்றவைத்து, நீரழுத்தச் சோதனை பார்த்து, திரும்ப மூட்டுவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். கசிவு தெரிந்தும் "இன்னும் இரண்டு நாள் தள்ளலாம்" என்று ஓட்டினால், சீறும் நீராவி பக்கத்துக் குழாய்களையும் அறுத்துவிடும். ஒரு குழாய் வேலை பத்துக் குழாய் வேலையாகும். ஏப்ரலில் இந்த ஆசை எல்லோருக்கும் வரும்.

திறப்பு விழாவையும் வணிக உற்பத்தியையும் ஒன்றாக எண்ணக் கூடாது. பாய்லர் மூட்டல், நீராவியால் குழாய்களை ஊதிச் சுத்தம் செய்தல், மின்தொகுப்புடன் இணைத்தல், முழுச் சுமை, அதன் பிறகு 72 மணி நேரம் தொடர் சோதனை ஓட்டம் என்று படிகள் உண்டு. கடைசிப் படியைத் தாண்டினால்தான் அந்த மெகாவாட்டைக் கோடைக் கணக்கில் சேர்க்கலாம்.

உச்சத் தேவை சில நாள்தானே. அந்த நாட்களுக்கு மட்டும் ஓடுகிற மாதிரி நிலையம் கட்டினால் என்ன?
– கணக்காளர், விருதுநகர்

நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. வடசென்னை மூன்றாம் கட்டத்தின் செலவு பத்தாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. மெகாவாட்டுக்குச் சுமார் 12.5 கோடி. வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 12 சதவீதம் என்று குறைத்தே வைப்போம். ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுச் செலவு 1.5 கோடி, ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

அது ஆண்டில் 7,000 மணி நேரம் ஓடினால் 70 லட்சம் யூனிட் கிடைக்கும். யூனிட்டுக்கு நிலைச் செலவு ரூ.2.14. உச்ச நேரத்துக்கு மட்டும் 200 மணி நேரம் ஓட்டினால் 2 லட்சம் யூனிட்தான், நிலைச் செலவு யூனிட்டுக்கு 75 ரூபாய். நிலக்கரிச் செலவு தனி. மின் சந்தையில் 2023 ஏப்ரல் முதல் உச்சவரம்பு யூனிட்டுக்கு 10 ரூபாய். எனவே சில மணி நேரத்துக்காக அனல் நிலையம் கட்டச் சொல்லும் எவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் முழுக்கச் சந்தையை நம்பலாமா? கூடாது. உங்களுக்கு வெயில் அடிக்கும் அதே மாலையில் ஆந்திராவிலும் குஜராத்திலும் வெயில்தான். எல்லோரும் கேட்கும்போது விலை 10 ரூபாயில் முட்டி நிற்கும், கேட்ட அளவும் கிடைக்காது. முன்பு இன்னொரு தடையும் இருந்தது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணையும் வரை தென்மாநிலத் தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்போடு ஒரே அலைவெண்ணில் ஓடவில்லை. வடக்கே மின்சாரம் இருந்தும் கொண்டுவரப் பாதை போதாது. இப்போது சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை 6,000 மெகாவாட் சுமக்கும் நேர்மின்னோட்ட (டி.சி.) பாதை இருக்கிறது. பாதைப் பஞ்சம் பெருமளவு தீர்ந்தது. மாலை நேர மின்சாரத்துக்குத்தான் பஞ்சம்.

குறுகிய நேரத் தேவைக்கென்று ஒரு காலத்தில் கட்டியதுதான் சென்னை பேசின் பிரிட்ஜ் நிலையம், தலா முப்பது மெகாவாட் வீதம் நான்கு கேஸ் டர்பைன்கள். சட்டென்று கிளம்பும். எரிபொருளான நாப்தாவின் (கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் திரவம்) விலைதான் அதை ஓடவிடாது. தவிர, கேஸ் டர்பைன் திறனை 15 டிகிரி காற்றில் அளந்து எழுதுகிறார்கள். 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி குறைந்து, உற்பத்தி பத்து சதவீதத்துக்கும் மேல் விழும். மிகவும் தேவைப்படும் நாளில்தான் குறைவாகக் கொடுக்கும்.

சூரிய மின்சாரமே பத்தாயிரம் மெகாவாட்டை ஒட்டி இருக்கிறதாமே. பிறகு என்ன கவலை?
– கல்லூரி மாணவி, மதுரை

பகலுக்குக் கவலை குறைந்தது உண்மை. 2024 கோடையிலேயே நண்பகலில் 5,000 மெகாவாட்டுக்கு மேல் கிடைத்தது. நிறுவுதிறன் முழுவதும் கிடைக்காததற்கு வெயிலே ஒரு காரணம். பேனலின் திறனை 25 டிகிரி செல் வெப்பநிலையில் அளக்கிறார்கள். மே மாத நண்பகலில் செல் 65 டிகிரிக்குப் போகும். டிகிரிக்கு 0.35 – 0.4 சதவீதம் வீதம் 14 முதல் 16 சதவீதம் போய்விடுகிறது. தூசி படிந்திருந்தால் இன்னும் போகும்.

கவலை மாலையில்தான் தொடங்குகிறது. 2024 ஏப்ரல் 30 அன்று மாநிலம் 45.43 கோடி யூனிட் செலவழித்தது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குச் சராசரி போட்டால் சுமார் 18,930 மெகாவாட் வருகிறது. இரண்டு நாள் கழித்து வந்த உச்சமே 20,830 என்றால், கோடையில் இரவிலும் தேவை அதிகம் இறங்குவதில்லை என்று பொருள். ஏசிதான் காரணம். நான்கு மணிக்கு மேல் சூரிய உற்பத்தி சரியத் தொடங்கி, ஏழு மணிக்குப் பூஜ்யம். காற்றாலை 11,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவியிருந்தாலும் அதன் பருவம் மே நடுவில்தான் களைகட்டும். ஏப்ரல் மாலையில் ஆரல்வாய்மொழியில்கூட இறக்கைகள் சோம்பலாகத்தான் சுற்றும்.

அந்த மூன்று மணி நேரத்தில் ஐயாயிரம் மெகாவாட்டுக்கு மாற்று ஏறியாக வேண்டும். பகலில் 440 மெகாவாட்டுக்குத் தணித்து வைத்த 800 மெகாவாட் அலகு, நிமிடத்துக்கு ஒரு சதவீதம் என்று ஏறினால் முழு அளவுக்கு வர 45 நிமிடம். முற்றாக அணைத்து ஆறவிட்ட அலகு என்றால் எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் பகலில் சூரிய மின்சாரம் வழிந்தாலும் அனல் அலகுகளை அணைக்காமல் பாதிச் சுமைக்குச் சற்று மேல் வைத்து ஓட்டுகிறார்கள். வீண் என்று தோன்றும், வேறு வழி இல்லை. ஏற்றம் பிந்தினால் தொகுப்பின் அலைவெண் 49.90 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும். ஒப்பந்த அளவுக்கு மேல் இழுக்கும் மாநிலத்துக்கு அபராதம் விழும். அப்போதும் சமாளிக்க முடியாவிட்டால் ஃபீடர்களை, அதாவது துணை மின் நிலையத்திலிருந்து பல தெருக்களுக்குப் போகும் மின்பாதைகளை, அணைக்க வேண்டியதுதான்.

ஆகவே எந்தப் புதிய நிலையம் பற்றிப் படித்தாலும் "எத்தனை மெகாவாட்" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஏப்ரல் கடைசி வாரம், இரவு எட்டு மணிக்கு அதில் எவ்வளவு கிடைக்கும் என்று கேளுங்கள்.

காடம்பாறையில் தண்ணீரை மேலே ஏற்றி மின்சாரம் எடுக்கிறார்களே, அது போதாதா?
– விவசாயி, பொள்ளாச்சி

அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. அளவுதான் போதாது. காடம்பாறையில் தலா நூறு மெகாவாட் வீதம் நான்கு எந்திரங்கள், 1980-களின் கடைசியில் ஓடத் தொடங்கியவை. டர்பைனையே திருப்பிச் சுற்றவிட்டால் பம்பு. கீழே மேல் ஆழியாறு, மேலே காடம்பாறை அணை.

400 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர், எந்திர இழப்பு போக, ஏறத்தாழ ஒரு யூனிட் கொடுக்கும். அந்தக் கணக்கில் 400 மெகாவாட்டை ஒரு மணி நேரம் எடுக்க நான்கு லட்சம் கன மீட்டர் தண்ணீர் இறங்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்குப் பதினாறு லட்சம். மேலும் கீழும் இரண்டு அணை வேண்டியிருப்பது இதனால்தான். ஏற்ற 100 யூனிட் செலவழித்தால் திரும்பக் கிடைப்பது 75 முதல் 80. முன்பு நள்ளிரவில் மிஞ்சும் அனல் மின்சாரத்தில் ஏற்றுவதுதான் வழக்கம். இன்றைக்கு நண்பகல் சூரிய மின்சாரத்தில் ஏற்றி இரவு இறக்குவதுதான் கட்டுப்படியாகும்.

அடுத்தது நீலகிரியில் குந்தா, நான்கு 125 ஆக 500 மெகாவாட். மேலே போர்த்திமந்து, கீழே அவலாஞ்சி – எமரால்டு. இரண்டு அணைகளும் ஏற்கெனவே இருப்பவை என்பது பெரிய வசதி. ஆனாலும் மலைக்குள் சுரங்கமும் நிலத்தடி எந்திரக்கூடமும் குடைய வேண்டியிருந்தது. பாறை இளகிய இடங்களில் தோண்டுவதைவிடத் தாங்குசுவர் போடுவதற்கே அதிக நாள் பிடிக்கும். இந்த வகைத் திட்டங்கள் சொன்ன தேதியில் முடிவதில்லை.

பேட்டரி நிலையம் 500 மெகாவாட் என்றால் ஒரு அனல் அலகுக்குச் சமமா?
– வாசகர், ஓசூர்

இல்லை. "500 மெகாவாட் / 1,000 மெகாவாட் மணி" என்று எழுதியிருந்தால் 500 மெகாவாட் வீதம் இரண்டு மணி நேரம்தான் வரும். ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குக் காலி. ஏழிலிருந்து பதினொன்று வரை ஐயாயிரம் மெகாவாட் சூரிய மின்சாரத்தை ஈடுகட்ட 20,000 மெகாவாட் மணி வேண்டும். இதன் பலம் வேறு: கண் இமைக்கும் நேரத்தில் முழு அளவுக்கு வரும், துணை மின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், ஒன்றரை ஆண்டுக்குள் நிறுவலாம். அனல் நிலையத்துக்கு நான்கைந்து ஆண்டு குறைந்தபட்சம். கோடையில் பேட்டரிக் கூண்டைக் குளிர்விக்கவே மின்சாரம் செலவாகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எங்கள் ஆலைக்கு உச்ச நேரக் கட்டணம் கையைக் கடிக்கிறது. என்ன செய்யலாம்?
– நூற்பாலை மேலாளர், திண்டுக்கல்

உயரழுத்த இணைப்புக்கு 2022 கட்டண ஆணைப்படி காலை 6.30 – 10.30, மாலை 6 – 10 உச்ச நேரம். யூனிட் கட்டணத்தில் 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. ஏழு ரூபாய் என்று வைத்தால் உச்ச நேர யூனிட் 8.75, இரவில் 6.65.

ஸ்பின்னிங் பிரேமை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் நூல் அறுந்து கழிவுதான் மிஞ்சும், அதைத் தொடாதீர்கள். நகர்த்தக்கூடியவை வேறு. ஈரப்பத ஆலைக்கான தண்ணீர் ஏற்றம், பேல் பிரஸ், ஃபோர்க்லிஃப்ட் சார்ஜிங் ஆகியவற்றைப் பத்து மணிக்கு மேல் தள்ளுங்கள். எந்திரங்களின் வாராந்திரப் பராமரிப்பை மாலை ஆறுக்கு வையுங்கள். கம்ப்ரசரில் கசிவு பாருங்கள்; ஆலை ஓய்ந்திருக்கும்போதும் கம்ப்ரசர் அடிக்கடி ஏறினால் கசிவு இருக்கிறது.

மாநிலத்தில் மின்வெட்டே இல்லை என்கிறார்கள். எங்கள் தெருவில் தினமும் இரவு பதினொரு மணிக்கு போய்விடுகிறதே?
– இல்லத்தரசி, தாம்பரம்

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். முதலில் எது என்று பிரித்துப் பாருங்கள். பல தெருக்கள் சேர்ந்து அணைந்து, அரை மணி, ஒரு மணி என்று கணக்காகத் திரும்பி வந்தால் ஃபீடரை அணைக்கிறார்கள். உங்கள் வரிசையில் சில வீடுகள் மட்டும், அல்லது ஒரு ஃபேஸ் மட்டும் போனால் கோளாறு தெரு டிரான்ஸ்பார்மரில். புது மின் நிலையம் எத்தனை வந்தாலும் இது தீராது.

100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஏறத்தாழ 90 கிலோவாட்டைத்தான் தாங்கும். ஒன்றரை டன் ஏசி ஒன்று ஒன்றரைக் கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். பிரிட்ஜ், விசிறி சேர்த்து வீட்டுக்கு இரண்டு என்றால் 45 வீட்டோடு முடிந்தது. மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரிந்திருந்தால்தான் அதுவும். ஒரே ஃபேஸில் வீடுகள் குவிந்திருந்தால் அந்த ஃபியூஸ் முதலில் போகும். இரவில் காற்று இல்லாவிட்டால் உள்ளிருக்கும் எண்ணெய் ஆறாது, நிலைமை இன்னும் மோசமாகும். ஃபியூஸ் போகிறதே என்று தடித்த கம்பி போடச் சொல்லி வயர்மேனை வற்புறுத்தாதீர்கள். அடுத்து எரிவது டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்தான். அதற்கு மாற்று வந்து இறங்க ஒரு நாளாவது ஆகும்.

ஒரு வாரம் குறித்து வையுங்கள்: போன நேரம், வந்த நேரம், அதற்கு முன் ஸ்டெபிலைசரில் காட்டிய வோல்டேஜ். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180, 190 என்று பதினொரு மணிக்கு முன்பே இறங்கியிருந்தால் அதிகச் சுமை என்பதற்கு அதுவே சான்று. மின்னகம் 94987 94987-இல் மின் இணைப்பு எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள். அத்தோடு நிறுத்தாமல், அந்த டிரான்ஸ்பார்மரில் இருக்கும் வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனுவைப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் கொடுங்கள். கேட்க வேண்டியது ஃபேஸ் சமன்படுத்தல். அது போதாவிட்டால் கூடுதல் டிரான்ஸ்பார்மர். முதலாவதை ஒரே நாளில் முடித்துவிடலாம். இரண்டாவதற்கு மதிப்பீடு, ஒப்புதல், பொருள் என்று மாதங்கள் பிடிக்கும் என்பதால் அடுத்த கோடைக்கான மனுவை டிசம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். ஏசி வாங்கியவர்கள் கூடுதல் மின்பளு கேட்டு விண்ணப்பிப்பதும் அவசியம். உங்கள் தெருவின் சுமை என்ன என்று அலுவலகத்தின் ஏட்டில் தெரியாவிட்டால், மதிப்பீடு பழைய கணக்கிலேயே போடப்படும்.