பெரிய குத்துச்சண்டை வீரர்கள்கூட ஏன் போதையில் விழுகிறார்கள்?
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் குத்துச்சண்டை பழகும் உங்கள் தம்பி மகனும் அப்படி ஆகிவிடுவானோ என்று கேட்டிருக்கிறீர்கள், அக்கா. நியாயமான பயம்தான்.

ஆனால் பயிற்சிக் காலத்தைவிட, அது நின்றபின் வரும் வெறுமைதான் ஆபத்து. சண்டைக்கு முன் பல வாரம் சாப்பாடு, தூக்கம், எடை எல்லாமே கட்டுப்பாட்டில் இருக்கும். சண்டை முடிந்த மறுநாள் எதுவுமே இருக்காது. உதாரணத்துக்கு, பிரிட்டன் குத்துச்சண்டை வீரர் டைசன் ஃபியூரி 2015-இல் அப்போதைய சாம்பியன் கிளிச்கோவை வென்று உலகப் பட்டம் எடுத்தார். அப்புறம் மன அழுத்தம், குடி, கொக்கெய்ன். 2016-இல் பட்டங்களைத் துறந்தார். மீண்டு வந்து 2018-இல் மறுபடி களமிறங்கினார். 2020-இல் அமெரிக்க வீரர் வைல்டரை வீழ்த்தி மீண்டும் சாம்பியன் ஆனார்.

தலையில் விழும் அடியையும் லேசாக எடுக்காதீர்கள். திரும்பத் திரும்ப அடிபட்டால் மனநிலையும் தன்னடக்கமும் கெடலாம். அதனால் தலையில் அடிபட்டால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவன் சண்டைப் பயிற்சிக்குப் போக வேண்டாம்.

பையனைத் தடுக்காதீர்கள். போட்டி இல்லாத வாரங்களில் யாரோடு சுற்றுகிறான் என்று மட்டும் கவனியுங்கள். சம்சு என்ற மலிவுச் சாராயம் தோட்டப்புறத்துக்குப் புதிதல்ல. போதைப்பொருள் சந்தேகம் வந்தால், ஏஏடிகே (தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம்) அலுவலகத்தில் தானாக முன்வந்து சிகிச்சை கேட்கலாம்.